கிடைத்ததும் கரைந்துபோகிற சந்தோஷம்: நமக்கு அனுபவிக்கத் தெரியவில்லையா?

#1 நிழல்மரம்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல வருடம் ஆசைப்பட்ட பதவி எனக்குச் சமீபத்தில் கிடைத்தது. சேதி வந்த ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்த வாரம் முடிவதற்குள் அது போன இடம் தெரியவில்லை. புது அறை, புதுப் பொறுப்பு எல்லாம் பிறந்ததிலிருந்தே இருப்பதுபோல ஆகிவிட்டது. இப்போது மனசு அடுத்த படியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. 'இதற்காகவா அத்தனை வருடம்?' என்று இருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, யாரோ எதையோ சொல்லி, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருப்போம். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே உள்ளே ஒரு குரல்: 'நாளைக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.' அதோடு சரி. அதன்பிறகு நான் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

ஆக, வந்த சந்தோஷம் தங்குவதில்லை. இருக்கும்போதோ, போய்விடுமே என்ற பயம். இரண்டும் ஒன்றா, வேறு வேறா? உங்களுக்கும் இப்படி உண்டா?

#2 வெட்டிப்பேச்சு

வாழ்த்துகள் நண்பரே! முதல் கேள்விக்குப் பதில்: மனுசன் அப்படித்தான். இரண்டாவதுக்கும் அதே பதில். இழையைப் பூட்டிடலாம் 😄

சும்மா சொன்னேன். லாட்டரி விழுந்தவனும், விபத்துல கை கால் போனவனும் ஒரு வருசத்துல ஒரே அளவு சந்தோஷத்துக்கு வந்துடுறாங்கன்னு ஒரு ஆராய்ச்சி இருக்கே, கேள்விப்பட்டதில்லையா? எது நடந்தாலும் ஆளு பழைய இடத்துக்குத்தான் வருவான். அப்புறம் எதுக்குக் கவலை?

#3 ஏட்டுச்சுரைக்காய்

வெட்டிப்பேச்சு சொல்லும் ஆய்வு 1978இல் வந்தது. பிலிப் பிரிக்மனும் வேறு இருவரும் செய்தது. அதைப் பற்றி உலவும் கதை ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

லாட்டரியில் பெரிய தொகை வென்றவர்கள் 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்தவர்கள் 29 பேர், இரண்டும் நேராதவர்கள் 22 பேர். இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று 0 முதல் 5 வரையான அளவில் கேட்டார்கள். வென்றவர்களுக்கு 4.00. சாதாரணமானவர்களுக்கு 3.82. விபத்துக்கு ஆளானவர்களுக்கு 2.96. 'ஒரே அளவு' என்பது எங்கிருந்து வந்தது? விபத்துக்கு ஆளானவர்கள் நாம் நினைக்கும் பாதாளத்தில் இல்லை என்பது மட்டும்தான் அதில் உண்மை.

யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு பகுதி அதில் உண்டு. நண்பரோடு பேசுவது, டிவி பார்ப்பது, நல்ல நகைச்சுவை ஒன்றைக் கேட்பது, பத்திரிகை புரட்டுவது போன்ற அன்றாடச் சின்ன விஷயங்கள் எவ்வளவு இன்பம் தருகின்றன என்றும் கேட்டார்கள். சாதாரணமானவர்கள் 3.82, விபத்துக்கு ஆளானவர்கள் 3.48, லாட்டரி வென்றவர்கள் 3.33. பெரிய பரிசைப் பார்த்த கண்ணுக்குச் சின்னவை சப்பென்று ஆகிவிட்டன. மிகச் சிறிய ஆய்வு, இதை வைத்து மாளிகை கட்ட முடியாது. ஆனால் நிழல்மரத்தின் கேள்வி இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் லாட்டரி வென்றவர்களை வைத்து மிகப் பெரிய ஆய்வொன்று 2020இல் வெளியானது. பெருந்தொகை வென்றவர்களுக்கு 'வாழ்க்கை எப்படிப் போகிறது' என்ற திருப்தி பத்து வருடம் கடந்தும் உயர்ந்தே இருந்தது. அன்றாட மகிழ்ச்சியில்தான் மாற்றம் குறைவு. திருப்தி வேறு, பொங்கிவருகிற சந்தோஷம் வேறு. நிழல்மரம், உங்களிடம் யாராவது 'வாழ்க்கை எப்படிப் போகிறது?' என்று நிதானமாகக் கேட்டால் போன வருடத்தைவிட நல்ல பதில் சொல்வீர்களா மாட்டீர்களா?

#4 நிழல்மரம்

சொல்வேன். தயங்காமல் சொல்வேன். ஆனால் யாராவது கேட்டால்தான் அது எனக்கே தெரிகிறது, அதுதான் பிரச்சினை. ஒரு நாள் முழுக்க யாரும் கேட்பதில்லையே.

#5 தாழ்வாரம்

எனக்கு வயசாச்சு. இந்த எண்ணெல்லாம் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

சந்தோஷம் கரையுதுன்னு வருத்தப்படுறீங்க. கரையுற குணம் சந்தோஷத்துக்கு மட்டும் இல்லைப்பா. எங்க வீட்டுக்காரர் போனப்போ, இனிமே சிரிக்கிறதுங்கறதே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டேன். மெய்யாவே முடிவு பண்ணினேன், சபதம் மாதிரி. எப்போ மாறுச்சுன்னு சொல்லத் தெரியல. ஒருநாள் பேரப்பிள்ளை ஏதோ உளற, நான் சிரிச்சுட்டேன். சிரிச்சதும் குற்றவாளி மாதிரி சுத்திமுத்திப் பார்த்தேன். யாரும் ஒண்ணும் நினைக்கல. நான்தான் நினைச்சேன்.

அந்தத் துக்கம் வந்த நாள் மாதிரியே இன்னிக்கும் கொதிச்சுக்கிட்டே இருந்திருந்தா நான் இதை எழுதிக்கிட்டிருக்க மாட்டேன். மனசுக்குப் பழகிப்போற குணம் இருக்கு. அது நல்லதை மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டு கெட்டதை மட்டும் கரைக்கணும்னு கேக்கறது பேராசை. அதுக்கு ஆளு பார்த்துக் கரைக்கத் தெரியாது.

#6 ஏட்டுச்சுரைக்காய்

அம்மா சொன்னதை மறுப்பதற்கில்லை. ஒரே ஒரு திருத்தம், அதுவும் அம்மாவுக்கு இல்லை, வெட்டிப்பேச்சுக்கு. 'எது நடந்தாலும் பழைய இடத்துக்கு வந்துவிடுவோம்' என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஜெர்மனியில் 1984 முதல் வருடாவருடம் அதே குடும்பங்களைக் கேட்டுவரும் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. அதை வைத்து ரிச்சர்ட் லூகாஸும் மற்றவர்களும் பார்த்தார்கள். திருமணத்தால் வந்த ஏற்றம் சராசரியாகச் சில வருடங்களில் தேய்ந்துவிட்டது. துணையை இழந்தவர்கள் மீண்டார்கள், ஆனால் அதற்குப் பல வருடம் பிடித்தது. வேலை இழந்தவர்களோ, மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாகப் பழைய நிலையை முழுதாக எட்டவில்லை. எல்லாம் தேயும், ஆனால் ஒரே வேகத்தில் தேயாது. சில தழும்புகள் நிற்கும்.

நல்லது ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதற்கு மூளைக்குள் ஒரு காரணம் உண்டு. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகள். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால், மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழக்கிவிட்டால், துள்ளல் விளக்குக்கு இடம் மாறிவிடும். சாறு வரும்போது ஒன்றும் இருக்காது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான அளவுக்கும் கீழே போகும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த அணுக்கள் கணக்கிடுகின்றன, கிடைத்ததை அல்ல. பல வருடம் எதிர்பார்த்த பதவி கையில் வரும்போது வித்தியாசம் என்று என்ன மிச்சம் இருக்கும்?

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று சொல்வது பாதிப் பிழை. கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுதாக அகற்றிப் பார்த்தார். இனிப்பை நாக்கில் வைத்தால் ரசிக்கும் முகபாவம் அப்படியே இருந்தது. அதைத் தேடிப் போகும் வேகம்தான் போய்விட்டது. வேண்டும் என்ற தவிப்புக்கும் பிடிக்கிறது என்ற ருசிக்கும் வேறு வேறு வழிகள். நாம் பெரும்பாலும் தவிப்பையே சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, அது அடங்கியதும் ஏதோ பறிபோனதுபோலத் தேடுகிறோம்.

#7 வெட்டிப்பேச்சு

ஆக மொத்தம் குரங்கும் நானும் ஒண்ணு. வீட்டுல பல நாளா சொல்லிக்கிட்டிருக்காங்க, நான்தான் நம்பல.

#8 தம்பூரா

நான் மேடையில் வாசிப்பவன். நிழல்மரத்தின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, ஆகவே எழுதுகிறேன். அது வேறு நோய் என்பது என் எண்ணம். முதலாவது, சந்தோஷம் பழகிப்போவது. இரண்டாவது, சந்தோஷத்துக்குப் பக்கத்தில் ஒரு காவலாளியை நிறுத்துவது.

வாசிக்கும்போது நன்றாக வந்துகொண்டிருக்கும். 'ஆகா, இன்று நன்றாக வருகிறதே' என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்க்கும். அடுத்த நொடி விரல் இடறும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நன்றாக வருகிறதா என்று பார்க்கிறவனும் வாசிக்கிறவனும் ஒரே ஆள். அவனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும்.

இதைப் பற்றி ஓர் ஆய்வே இருப்பதாகப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஜொனதன் ஸ்கூலர், டான் ஆரியலி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் மூவரும் 2003இல் எழுதியது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையைச் சிலருக்குப் போட்டார்கள். சிலரைச் சும்மா கேட்கச் சொன்னார்கள். சிலரை, கேட்டுக்கொண்டே மனநிலையை உயர்த்திக்கொள்ளப் பாருங்கள் என்றார்கள். சிலரை, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று நொடிக்கு நொடி குறிக்கச் சொன்னார்கள். சும்மா கேட்டவர்களே நன்றாக இருந்தார்கள். மகிழ முயன்றவர்களும் அளந்தவர்களும் பின்தங்கிவிட்டார்கள்.

நிழல்மரம், அந்தச் சிரிப்பின் நடுவே வரும் குரல் 'போய்விடுமே' என்று சொல்வதால் மட்டும் கெடுப்பதில்லை. 'இப்போது நான் சந்தோஷமாக இருக்கிறேன், இதைச் சரியாக அனுபவிக்க வேண்டும்' என்று சொல்லியிருந்தாலும் கெடுத்திருக்கும். அது என்ன சொல்கிறது என்பதைவிட, அது பேசத் தொடங்கியதுதான் தொல்லை. பேசினால் பேசட்டும் என்று விட்டுவிட்டு, சிரிக்கிறவர் முகத்தைப் பாருங்கள். குரலோடு மல்லுக்கட்டாதீர்கள். அதற்கு மறுமொழி சொல்லத் தொடங்கினால் கச்சேரி முடிந்துவிடும்.

#9 இரவுப்பணி

எல்லாரும் ரொம்ப அழகாக எழுதுகிறீர்கள். ஒரு கசப்பான கேள்வி கேட்கலாமா?

என் அம்மா படுத்த படுக்கை. என்னை யார் என்று சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. வேலைக்கும் போகிறேன், வீட்டிலும் பார்க்கிறேன். 'இன்றைய பொழுதை ரசி', 'இந்த நொடியில் வாழ்' என்று எங்கே பார்த்தாலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இந்த நொடியில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் தெரியுமா? விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இதில் எதை ரசிப்பது? என் மனசு வேறெங்காவது போய்வருகிறது, அந்த நேரம்தான் எனக்கு ஓய்வு. அதையும் பிடுங்கிக்கொண்டு 'இங்கேயே இரு' என்பது கொடுமையில்லையா?

கையில் சந்தோஷம் இருந்து, அது போய்விடுமே என்று பயப்படுவது வசதியான கவலை. கோபத்தில் சொல்லவில்லை. இல்லை, கோபத்தில்தான் சொல்கிறேன்.

#10 ஏட்டுச்சுரைக்காய்

இரவுப்பணி, உங்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. 'இந்த நொடியில் வாழ்' கோஷத்துக்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படும் ஆய்வு எதுவோ அதையே எடுக்கிறேன். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட், 2010. கைப்பேசிச் செயலி வழியாக 2250 பேரைத் திடீர் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. மனம் அலைந்த நேரங்களில் மக்கள் குறைவாகவே மகிழ்ந்தார்கள். இதுவரைதான் சுவரொட்டியில் வரும்.

உள்ளே போய்ப் பார்த்தால், மனம் இன்பமான விஷயத்துக்கு அலைந்தபோது, செய்யும் வேலையில் ஒன்றியிருந்த நேரத்தைவிட மகிழ்ச்சி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. துன்பமான விஷயத்துக்கு அலைந்தபோதுதான் பெரிய சரிவு. நடுத்தர விஷயங்களுக்கும் ஓரளவு சரிவு உண்டு. ஆகவே நீங்கள் விரிப்பை மாற்றும்போது மனம் ஏதோ நல்ல இடத்துக்குப் போய்வந்தால், அதைத் தடுக்க அந்த ஆய்வில் ஒரு வரியும் இல்லை. போய்விட்டு வாருங்கள்.

#11 தாழ்வாரம்

இரவுப்பணி கண்ணு, நீ தம்பியா, தங்கச்சியான்னு தெரியல. யாரா இருந்தாலும் சரி.

எங்க மாமியாரை நான் பார்த்துக்கிட்டேன், கடைசி வரைக்கும். அதுல ரசிக்க ஒண்ணும் இல்லை. அப்போ யாராவது வந்து 'அனுபவிச்சு செய்'னு சொல்லியிருந்தா விரிப்பை அவங்க கையில குடுத்திருப்பேன். உனக்கு இப்போ வேண்டியது நொடியில வாழற கலை இல்லை. மாத்தாள். வாரத்துல ஒரு நாள் சாயங்காலமாவது வேற யாராவது உக்காரணும். கூடப் பிறந்தவங்க இருந்தா வெக்கப்படாமக் கேளு. 'நீங்க பார்த்துப்பீங்களே'ன்னு சொல்லிட்டு ஒதுங்கறவங்ககிட்டதான் முதல்ல கேக்கணும். பணமா குடுக்கிறேன்னு சொன்னா, வாங்கிக்கோ, அதுல ஆளு வை.

ரசிக்கிறது எல்லாம் அப்புறம். தூங்கின ஆளுக்குத்தான் அதெல்லாம்.

#12 இரவுப்பணி

தங்கச்சிதான் அம்மா. நன்றி. ஒரு அண்ணன் இருக்கிறார். நீங்கள் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்கிற அண்ணன். கேட்கிறேன்.

#13 வெட்டிப்பேச்சு

அக்கா, நான் விளையாட்டா பேசினது தப்பா பட்டிருந்தா மனசுல வச்சுக்காதீங்க.

எனக்கு ஒரு நிஜமான சந்தேகம். இருக்கிறதுல திருப்தியா இருன்னு எல்லாரும் சொல்றீங்க. அப்படி இருந்தா யாரும் எதையும் மாத்த மாட்டாங்களே? எரிச்சல் வந்தவன்தான் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சான். நிழல்மரம் அடுத்த படியைப் பார்க்கிறதுல என்ன குத்தம்?

#14 நிழல்மரம்

குற்றம் இல்லை. ஏட்டுச்சுரைக்காய் எழுதிய குரங்கு விவகாரத்தைப் படித்தபிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அடுத்ததைத் தேடும் தவிப்பு இல்லாமல் வேலையே நடக்காது. எனக்கு உறுத்துவது வேறு. அடுத்த படியில் நிம்மதி இருக்கிறது என்று நம்பி அதைத் தேடுகிறேன். இந்தப் படியைத் தேடியபோதும் அதே நம்பிக்கைதான். தேடலை நிறுத்த வேண்டாம், ஆனால் அந்தப் பொய்யை மட்டும் கழற்றிவிட முடியுமா? அடுத்த பதவி வேண்டும், அங்கே வேலை சுவாரசியமாக இருக்கும், அதனால் வேண்டும் என்று மட்டும் நினைக்க முடியுமா?

அதோடு, கையில் இருப்பது கண்ணில் படாமல் போகிறதே, அதற்கு ஏதாவது வழி உண்டா? தினமும் நன்றி சொல்லிப் பட்டியல் எழுது என்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், வீட்டுப்பாடம் மாதிரி இருந்தது.

#15 ஏட்டுச்சுரைக்காய்

வீட்டுப்பாடம் ஆனதற்குக் காரணம் 'தினமும்' என்பதாக இருக்கலாம். சோன்யா லூபோமிர்ஸ்கியும் மற்றவர்களும் 2005இல் எழுதியதில், ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது. வாரத்துக்கு மூன்றுமுறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. நன்றிப் பட்டியலுக்கும் மனம் பழகிவிடுகிறது!

பட்டியலைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. மின்கியுங் கூவும் சக ஆய்வாளர்களும் 2008இல் செய்தார்கள். துணையோடு வாழ்பவர்களில் சிலரை, 'உங்கள் துணையை எப்படிச் சந்தித்தீர்கள்' என்று எழுதச் சொன்னார்கள். சிலரை, 'சந்திக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பு இருந்தது' என்று எழுதச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்கே உறவில் திருப்தி கூடியது. ஆனால் வேறு சிலரிடம் எதில் அதிக மகிழ்ச்சி வரும் என்று முன்கூட்டியே கேட்டால், முதலாவதில்தான் என்று சொன்னார்கள். கிடைத்ததை எண்ணுவதில் ஆச்சரியம் இல்லை, ஏற்கெனவே தெரிந்த கதை. கிடைக்காமல் போயிருக்கும் என்று நினைத்தால் அது மறுபடி எதிர்பாராத ஒன்றாகிவிடுகிறது. ஷூல்ட்ஸின் வித்தியாசம் திரும்ப வருகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இந்த முடிச்சு என்னுடையது, ஆய்வாளர்களுடையது அல்ல.

இன்னொன்று, இடைவெளி. நெல்சன், மெய்விஸ் இருவரும் 2008இல் காட்டியது: உடம்பு பிடித்துவிடும் இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு, நடுவில் சற்று நிறுத்தி மீண்டும் தொடங்கியபோது இன்பம் கூடியது. வாசனை தெளித்த அறைக்குள் சற்று நேரம் இருந்தால் மூக்கு அதை மறந்துவிடும், வெளியே போய்வந்தால் மறுபடி மணக்கும், அதுபோல. தொலைக்காட்சி நிகழ்ச்சி நடுவே வரும் விளம்பரத்துக்குக்கூட இப்படி ஒரு நன்மை உண்டு என்று அடுத்த வருடமே காட்டினார்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

#16 வெட்டிப்பேச்சு

விளம்பரம் நல்லதுன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான். மத்ததை எல்லாம் நம்புறேன், இதை மட்டும் முடியாது.

#17 கைக்குட்டை

தாமதமாக வந்து குறுக்கே பேசுகிறேன். அடுத்த வாரம் என் மகள் பள்ளி மேடையில் ஆடப்போகிறாள். முதல் மேடை. நான் வீடியோ எடுக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. எனக்கோ கண்ணால் பார்க்க ஆசை. நீங்கள் எல்லாரும் 'இருக்கும்போதே பார்' என்கிறீர்கள். எடுப்பதா, வேண்டாமா? நாளைக்கு அவள் வளர்ந்தபிறகு, 'அப்பா, காட்டு' என்றால் என்ன செய்வது?

#18 தம்பூரா

எடுக்காதீர்கள். மேடையிலிருந்து பார்க்கிறவனாகச் சொல்கிறேன்: எங்களுக்கு முகங்கள் தெரிவதில்லை, கைப்பேசிகளின் பின்பக்கம்தான் தெரிகிறது. உங்கள் மகள் அங்கிருந்து தேடப்போவது உங்கள் கண்ணை. மற்றதெல்லாம் அப்புறம்.

#19 ஏட்டுச்சுரைக்காய்

தம்பூராவின் வாதம் நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் ஆய்வுகள் ஒரே பக்கமாக இல்லை. லிண்டா ஹென்கல் 2014இல் அருங்காட்சியகத்தில் பார்த்தார். முழுப் பொருளையும் படமெடுத்தவர்களுக்கு அது நினைவில் குறைவாகவே நின்றது. ஆனால் ஒரு பகுதியை நெருக்கமாகக் குவித்து எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. டீல், ஸௌபர்மன், பராஷ் ஆகியோர் 2016இல் எழுதியதில், படமெடுத்தவர்கள் பல சந்தர்ப்பங்களில் அந்த அனுபவத்தை இன்னும் அதிகமாகவே ரசித்தார்கள், ஏனென்றால் எதை எடுப்பது என்று தேடும்போது கண் கூர்மையாகிறது. கைப்பேசியைத் தூக்கிவிட்டு மனதை எங்கோ விடுவதுதான் கெடுதல். உற்றுப் பார்ப்பதற்காகத் தூக்கினால் கெடுதல் இல்லை.

நினைவைப் பற்றியும் ஒன்று. டேனியல் கானமனும் மற்றவர்களும் 1993இல் செய்த குளிர்ந்த நீர்ச் சோதனை. கையை 14 டிகிரி நீரில் 60 நொடி வைக்க வேண்டும். இன்னொரு முறை, அதே 60 நொடி, அதன்பின் 30 நொடி கூடுதலாக, அந்த 30 நொடியில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலானோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். கூடுதல் வலி, ஆனால் முடிவு சற்று இதம். நினைவு முழு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அனுபவிக்கும் நாம் வேறு, நினைத்துப் பார்க்கும் நாம் வேறு என்பார் கானமன். கைக்குட்டையின் சண்டையும் இந்த இரண்டு பேருக்கும் நடுவேதான்.

#20 நிழல்மரம்

முடிவு என்றதும் ஞாபகம் வந்தது. முடியப்போகிறது என்ற எண்ணம்தான் என் சந்தோஷத்தைக் கெடுக்கிறது என்று தொடங்கினேன். அது எப்போதுமே கெடுதலா? ஒரு இடத்தைவிட்டுக் கிளம்பும் கடைசி வாரத்தில்தான் அதன் வெளிச்சம், வாசல் எல்லாம் கண்ணில் படுகிறது. எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

#21 ஏட்டுச்சுரைக்காய்

நடக்கும். ஜெய்மி கர்ட்ஸ் 2008இல் இதைச் சோதித்தார். கல்லூரி முடிய ஆறு வாரம் இருந்த மாணவர்கள். ஒரு கூட்டத்திடம் 'சுமார் 1200 மணி நேரம்தான் இருக்கிறது' என்றும், இன்னொரு கூட்டத்திடம் 'ஒரு வருடத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது' என்றும் நினைக்க வைத்தார். இரண்டும் அந்த மிச்ச நாட்களையே குறிப்பவை, சொல்லும் விதம்தான் வேறு. சீக்கிரம் முடியப்போகிறது என்று நினைத்தவர்கள் நண்பர்களோடும் கல்லூரி வேலைகளிலும் அதிகம் கலந்துகொண்டார்கள், அவர்களுடைய மகிழ்ச்சியும் கூடியது. 'முடியப்போகிறது, ஆகவே போகிறேன், பார்க்கிறேன்' என்று அந்த நினைப்பு அவர்களை எழுப்பி நடக்கவைத்தது. நிழல்மரத்தின் குரல் உட்காரவைத்துவிடுகிறது. வித்தியாசம் அங்கே இருக்கலாம்.

#22 இரவுப்பணி

ஒரு வார்த்தை. பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர்களின் முடிவு அது. என் வீட்டில் இருக்கும் முடிவு வேறு மாதிரி. மணிக்கணக்கு எண்ணச் சொல்லி யாரும் என்னிடம் வராதீர்கள்.

அண்ணனிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

#23 ஏட்டுச்சுரைக்காய்

சரியாகச் சொன்னீர்கள். அந்த மாணவர்களின் கதையை நோயாளி இருக்கும் வீட்டுக்கு நீட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்து அண்ணனை மேற்பார்வை பார்க்காதீர்கள், வெளியே போய்விடுங்கள்.

#24 தாழ்வாரம்

ஆமா, அதைச் செய். அவர் தப்புத் தப்பாத்தான் செய்வார். செய்யட்டும், கத்துப்பார்.

நிழல்மரம், உனக்கு ஒண்ணு. எல்லாரும் கிளம்பிடுவாங்களேன்னு தோணும்போது, 'இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்க'ன்னு வாய்விட்டுக் கேட்டதுண்டா? நான் கேப்பேன். பாதிப் பேர் இருப்பாங்க.

#25 நிழல்மரம்

கேட்டதே இல்லை! அது தோன்றவே இல்லை. மனதுக்குள்ளேயே வழியனுப்பி முடித்துவிடுகிறேன்.

#26 கைக்குட்டை

என் கேள்விக்கு வருகிறேன். இரு தரப்பையும் சமாளிக்க ஒரு வழி யோசித்தேன். ஆட்டம் தொடங்கும்போது ஒரு நிமிடம் எடுத்துவிட்டு, கைப்பேசியைப் பையில் போட்டுவிடுகிறேன். மீதியைக் கண்ணால் பார்க்கிறேன். சரிதானே?

#27 தம்பூரா

எடுத்தே தீருவதானால் தொடக்கத்தில் எடுக்காதீர்கள். மேடைக்கு வந்ததும் கூட்டத்தில் உங்களைத்தான் தேடுவாள், அப்போது முகம் தெரிய வேண்டும். கடைசியையும் விட்டுவிடுங்கள், அதுதான் நினைவில் நிற்கும் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். நடுவில் எப்படியும் உங்கள் மனம் அலுவலக வேலைக்கு ஒரு நடை போய்வரும். அந்த நேரத்தில் எடுங்கள்.